ஹரிதாவின் இடது காது

டிசம்பர் 9, திங்கள்

பழக்கத்தில் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். கோச்சை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், பயிற்சி கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. எங்கள் கபடிக் கோட்டுக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. கல்லால் அடித்தேன். கத்திக்கொண்டு ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது என்ன செய்தது?

கோச் ரமணா சார் எங்கள் டீம் ஹரிதாவை ஷூவால் அடித்த வீடியோ எல்லா சேனலிலும் ஓடுகிறது. ஒரு பிடி தவறியதற்கு அந்த அடி. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்குவதுகூடத் தெரிகிறது. பக்கத்தில் மரம் மாதிரி நிற்கும் கேப்டன் நான்தான்.

டிசம்பர் 11

பிச்சாட்டூரிலிருந்து நைனா போன். “பேரு கெட்டுப்போன எடத்துல இன்னாத்துக்கு குந்திக்கினு கீற? மூட்டையக் கட்டிக்கினு வா.”

வரமாட்டேன் என்றேன். ஊரில் நான் கூலிக்காரன் மகள். இங்கே வந்துதான் பத்மினி ஆனேன். ஐந்து வருஷமாக இந்த யூனிவர்சிட்டி சோறுதான் தின்கிறேன். எவனோ ஒருத்தன் அடித்தான் என்று விட்டுவிட்டுப் போவதா?

எவனோ என்று எழுதிவிட்டேன். அவர்தான் என்னை இங்கே கூட்டிவந்தவர்.

டிசம்பர் 14

கேட் வாசலில் ஒரு யூடியூப்காரன் மைக்கை நீட்டி, “அடி மட்டும்தானா, வேற ஏதாச்சும் உண்டா?” என்று இளித்தான். மைக்கைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தேன். பல்லெல்லாம் ரத்தம். செக்யூரிட்டி இஸ்மாயில் அண்ணன் என்னை இழுத்து உள்ளே தள்ளினார். இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.

டிசம்பர் 20

விளையாட்டுத் துறை மனோரமா மேடம் கூப்பிட்டார். விசாரணைக் கமிட்டி ஜனவரி 17 அன்று என்னைக் கேட்கப்போகிறதாம்.

“அவ காதுல முன்னாடியே கோளாறு இருந்துச்சுன்னு சொல்லும்மா. இல்லன்னா டீமையே கலைச்சிடுவாங்க. யூனிவர்சிட்டி மேல பாசம் இருக்குதில்ல உனக்கு?”

இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 21

ஹரிதா நடிக்கிறாள் என்றாள் பிரியங்கா, எங்கள் டீமில் ஆடுகிறவளே. முடியைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதினேன். எனக்கும் அந்தாளுக்கும் என்ன வித்தியாசம்?

ஜனவரி 2

ஹரிதா ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். இடது காது இனி கேட்காதாம்.

“இன்னாத்துக்குடி திரும்பி வந்த?”

“ஆடத்தான். அவன் வூட்டு கிரவுண்டா அது?”

கமிட்டியில் என்ன சொல்லப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. டீம் வேண்டும். அவளும் வேண்டும்.

ஜனவரி 15, கனுமா (மாட்டுப் பொங்கல்)

கங்காதர நெல்லூரில் சங்கராந்திப் போட்டி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யூனிவர்சிட்டி ஜெர்சியோடு இறங்கினோம். “செருப்படி டீம் வந்துட்ச்சுடா!” என்று ஒரே ஊளை.

கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் சமம். இடது மூலையில் நானும் ஹரிதாவும் கைகோத்து நிற்கிறோம். எதிர் டீம் பெண் எங்களை நோக்கி வருகிறாள். இடது பக்கக் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் — “வெனக்கி!”

ரமணா சார். சஸ்பெண்டானவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். பின்னால் போ என்று எப்போதும் இப்படித்தான் தெலுங்கில் கத்துவார். ஆறு பேரும் பின்னால் போனோம். யோசித்துப் போகவில்லை, கால் தானாகப் போனது. ஹரிதாவின் கையை உதறிவிட்டுப் போனேன்.

அவளுக்கு மட்டும் அது கேட்கவில்லை. தனியாகப் பாய்ந்து அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தாள். மண்ணில் தரதரவென்று இழுபட்டாள். மூஞ்சியில் உதை விழுந்தது. விடவே இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம்.

எழுந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைக் கேட்டாள்: “ஏண்டி கைய வுட்ட?”

ஜனவரி 17

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷூ, பெல்ட், நாங்கள் ஒவ்வொருத்தியும் வாங்கியது, வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. மனோரமா மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 20

டீமைக் கலைத்துவிட்டார்களாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

காலையில் ஐந்து பேர் வந்தோம். பிரியங்காவும் வந்தாள், என்னோடு பேசாமல். ஹாஸ்டலுக்குப் பின்னால் முள்ளை வெட்டிக் கோடு போட்டோம். யாரும் கத்தாமல் எப்படி ஆரம்பிப்பது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. சும்மா நின்றுகொண்டே இருந்தோம். அப்புறம் ஹரிதா அவள் பாட்டுக்கு ரெய்டு வந்துவிட்டாள். முதல் ஆளாக என்னைத்தான் அவுட் ஆக்கினாள்.