பழைய கம்ப்யூட்டருக்குப் பதினைந்தாயிரம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஐப்பசி 20

அன்பு மகள் ஸ்ரீலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம், என் முட்டு மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த டப்ளின் குளிரில் நீ காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரை நீ சொன்ன தகரப்பறம்புக் கடைக்கார ஆதர்ஷிடம் கொடுத்து லேப்டாப்பாக மாற்றிவிட்டேன். அந்த ஆதர்ஷை நீ கட்டிக்கொள்ள நினைத்திருக்கிறாய் என்பதும் தெரிந்துவிட்டது. நீயும் சொல்லவில்லை, அவனும் சொல்ல வரவில்லை, அவன் சொன்ன விலை சொல்லிவிட்டது. இதை வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ தப்பித்துக்கொள்வாய், போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுநடுவே பேசுவாள், அதனால்தான் மிளகாய்ப்பொடி பார்சலுக்குள் காகிதமாக வைக்கிறேன். படிக்கும்போது கண் எரிந்தால் பொடியைக் குற்றம் சொல்லு.

ஓணத்திலிருந்தே நீ கூப்பிடும்போதெல்லாம், அந்தக் கம்ப்யூட்டரை மாத்துங்கப்பா, தகரப்பறம்பில் ஒரு கடை இருக்கு, நல்ல ஆளு என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நல்ல லேப்டாப் இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நல்ல ஆள் என்றுதான் சொன்னாய். முப்பது வருஷம் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் அந்தப் பெட்டியை விட எனக்கு மனசில்லை. அது ஓடுகிறதா என்பது இரண்டாவது விஷயம். அந்தப் பெரிய மானிட்டரின் முதுகு, வாங்க வருகிறவன் முகத்துக்கு நேராக இருக்கும். நான் இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் இதுக்குக் கீழே குறைக்க விடமாட்டேங்குதே என்று வருத்தப்படுவேன். என்னிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவன் மிஷினிடம் பேசமாட்டான். திரையில் அப்போது நீ காலேஜ் சேர்ந்த அன்று எடுத்த போட்டோதான் இருக்கும். லேப்டாப் என்றால் தட்டு மாதிரி மெலிசு, எவனும் எட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் இந்த மழையில் சாலைக் கம்போளக் கடைத்தெருத் தண்ணீர் நம் கடைப்படி ஏறியபோது, கணக்குப் பார்க்கிற இசக்கிசெல்வி பெட்டியைத் தூக்கி மிளகாய் மூட்டை மேல் வைத்தாள், வைத்த இடத்திலேயே அது கண்ணை மூடிக்கொண்டது, நாலு நாள் பில்லைக் கையால் எழுதினோம். வெயில் காட்டியதும் மறுபடி ஓடியது, ஆனால் அவள் விடவில்லை. அண்ணாச்சி, ஒண்ணு இத மாத்துங்க, இல்லன்னா என்ன மாத்துங்க என்று சொல்லிவிட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவளை மாற்றினால்தான் செலவு அதிகம்.

எதையும் விற்குமுன் நாலு இடத்தில் விலை கேட்பது என் வழக்கம். ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு என்றார்கள். இன்னொரு கடைக்காரன் போட்டோவைப் பார்த்துவிட்டு, பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரனுக்கு எடைக்குப் போடுங்க என்றான். அதற்குப் பிறகுதான் உன் நல்ல ஆளை வரச் சொன்னேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், மிளகாய்க் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே ஆள் அவன்தான். உட்காருவதற்கு முன்னாலேயே, அங்கிள், முட்டுவலி எப்டி இருக்கு, படி கேற முடியுதா என்று கேட்டான். என் முட்டுவலி ஆரியசாலையில் ஒருத்தனுக்கும் தெரியாது, தெரிந்தால் சரக்கு அனுப்புகிறவன் கடன் தர யோசிப்பான் என்று நான் நொண்டாமல் நடப்பது உனக்குத் தெரியும். சரி, இருக்கட்டும் என்று பெட்டியைக் காட்டினேன். திறந்தான். ஜி.எஸ்.டி. வந்த வருஷம் வாங்கிய பெட்டி, அன்று முதல் பறந்த மிளகாய்த் தூசி அத்தனையும் ஃபேனைச் சுற்றிச் செக்கச்செவேலென்று படிந்திருந்தது. தும்ம ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டக் கொட்ட, நல்ல கண்டிஷன் அங்கிள், பதினைஞ்சாயிரம் தரலாம் என்றான். இசக்கிசெல்வி சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். பத்து மடங்கு விலை சொல்லுகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் கேட்டு வந்த சரக்கு வேறாக இருக்க வேண்டும். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, தம்பி, உனக்கு வேண்டியது இந்தப் பெட்டி இல்ல, என் முட்டுவலிய யாரு சொன்னா என்று கேட்டேன். துண்டை மடித்துக்கொண்டே இருந்தான். ஸ்ரீலட்சுமியா என்றேன். காலேஜிலிருந்தே அங்கிள் என்றான், மறுபடியும் ஒரு தும்மல்.

எனக்குக் கோபம் வந்தது மக்கா, மறைக்கவில்லை. மலையாளப் பையன் என்பதற்காக இல்லை. ஒரு பழைய பெட்டியில் பதினாலாயிரம் நஷ்டப்பட்டு என்னை வாங்கிவிடலாம் என்று நினைத்தானே, அதுதான். மாமனாராக வரப்போகிறவனைக் கண்டதும் கணக்கை மறப்பவன், நாளைக்கு எவன் வந்து சிரித்தாலும் கடையைத் தூக்கிக் கொடுப்பான், அவனோடு நீ எப்படிக் குடித்தனம் செய்வாய். பெட்டியை எடுத்துப் போ, உள்ளபடிக்கு அது என்ன பெறும் என்று பார்த்து நாளைக்கு வந்து சொல்லு, அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம், பேசாமலும் போகலாம் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு எனக்குக் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை. அவன் பதினைந்திலேயே நின்றால் நான் உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நீ கேட்க மாட்டாய், நானும் இறங்க மாட்டேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோகும். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், மீன் தின்பானா என்று. அவன் வீடு விழிஞ்ஞம் கடற்கரையில் என்றேன், மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அவள் ஆச்சரியப்படவே இல்லை என்பதை நான் கவனித்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை, சில மூட்டைகளைப் பிரிக்காமல் அடுக்கி வைத்துவிட வேண்டும்.

மறுநாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தான், அதிலேயே பாதி மதிப்பு ஏறிவிட்டது. ஆயிரத்து நூறு அங்கிள், மானிட்டர் மட்டும்தான் விலை போகும், மத்ததெல்லாம் ஆக்ரி என்றான். நேற்று பதினைந்தாயிரம் என்றாயே என்றேன். நேத்து கண்ணு தெரியல அங்கிள் என்றான். சரி, ஆயிரத்து ஐந்நூறாக்கு, பெண்ணைப் பெற்றவன் கேட்கிறேன் என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். கவசத்துக்கு மேலே கண்தான் தெரிந்தது, உன்னை இழந்துவிடுவோமோ என்ற பயம் முழுக்க அதில் இருந்தது. கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது வேற, கச்சவடம் வேற அங்கிள். ஆயிரத்து நூறுக்கு மேல தந்தா எனக்கு நஷ்டமாக்கும்" என்றான், வியாபாரம் அவன் பாஷையில் கச்சவடம். இசக்கிசெல்வி இந்தத் தடவை சிரிக்கவில்லை, டீ சொல்லப் போனாள். நான் கேட்ட புது லேப்டாப்பைக் காட்டாமல், உங்க வேலைக்கு இது போதும் என்று ஒருவர் கொஞ்ச நாள் வைத்திருந்து விற்ற பழசை எடுத்து வைத்தான், நான் கேட்காமலேயே பேட்டரி மட்டும் கொஞ்சம் சந்தேகம் என்றும் சொன்னான். தான் விற்கிற பொருளின் குறையைத் தானே சொல்லுகிற ஆளை ஆரியசாலையில் நான் பார்த்ததில்லை, நானும் சொன்னதில்லை. அவனுடைய அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். எட்டிப் பார்ப்பார்கள் என்ற என் கவலையைச் சொன்னேன். திரைமேல் ஒட்டுகிற ஒரு தாளை எடுத்தான், பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். அதற்குத் தனியாகக் காசு வாங்கினான். அப்போதுதான் எனக்கு அவனைப் பிடித்தது.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. விழிஞ்ஞத்துப் புதுத் துறைமுகத்துக்கு மலை மாதிரி கப்பல் வருகிறது, இனி வற்றல் விலை இறங்கும் என்கிறார்கள், எனக்கென்னவோ அதே லாரிதான் அதே தாமதத்தோடு வருகிறது. பொடியில் ஈரக்கரண்டி போடாதே, காற்றுப் போகாமல் மூடி வை. இனிமேல் எனக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஆளைப் பற்றியே சொல்லு, நடுவில் கம்ப்யூட்டரைக் கொண்டுவராதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உன் வாயால் சம்மதம் என்று சொல்ல வேண்டும், அம்மாவை அன்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். அவன் சொன்னதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். உனக்கு மனசு மாறியிருந்தாலும் சொல்லு, வாங்கின லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும். நீ நினைத்தது நினைத்தபடி அமைய எங்கள் இரண்டு பேர் ஆசியும் உண்டு. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை.

இப்படிக்கு,
உன் அப்பா
பகவதிப்பெருமாள்

பி.கு. எப்படியும் கேட்பாய். லேப்டாப் இருபத்துநாலாயிரம், பழைய பெட்டிக்கு ஆயிரத்து நூறு கழிவு, திரைத்தாள் எண்ணூறு, ஆக நான் கொடுத்தது இருபத்துமூவாயிரத்து எழுநூறு. பேட்டரிக்குச் சித்திரை முடியும்வரை அவன் பொறுப்பு, அதுவரை நான் அவனுக்கு அங்கிள். நீ சம்மதம் சொன்னால் வைகாசியிலிருந்து மாமா.