பன்னிரண்டு மணிக்குப் பூட்டும் குளிர்ச்சிக் கூடம்

அனுப்புநர்
ஹஸ்மின் ஒசூனா,
ஐஸ் வியாபாரம் (மோட்டார் சைக்கிள்ல),
ஆத்தங்கரைப் பேட்டை,
புவெர்த்தோ தக்குவாரா, பராகுவே.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
முதியோர் நலப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், புவெர்த்தோ தக்குவாரா.

பொருள்: வெயில்லேர்ந்து கிழவங்களக் காப்பாத்தத் திறந்த கூடத்த, வெயில் அடிக்கிற நேரத்துலயும் திறந்து வைக்கச் சொல்லி.

மதிப்புக்குரிய ஐயா,

1. அறுபது வயசு தாண்டினவங்க நம்ம டிசம்பர், ஜனவரிக் கோடை வெயிலுக்கு ஒதுங்க, போன மாசம் நீங்க ஒரு குளிர்ச்சிக் கூடம் திறந்தீங்க. ரெண்டு ஏசி, குடிதண்ணி, நல்ல நாற்காலிங்க. திறப்பு விழாவுல பேண்டு வாத்தியம், உங்க பேச்சு. அது முடியிற வரைக்கும் கிழவங்கள வெளிய வெயில்லயே நிக்க வெச்சீங்க. அத நான் குறையா எழுதல. விழான்னா அப்படித்தான்.

2. கூடத்து வாசல்ல ஒரு போர்டு தொங்குது. "பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை முதியோர் வெளியே நடமாட வேண்டாம்." அருமையான புத்திமதி. அதுக்குக் கீழயே இன்னொரு போர்டு: "கூடம் பன்னிரண்டு முதல் நாலு வரை மூடப்படும். ஊழியர் மதிய உறக்கம்." மேல் போர்டப் படிச்சு உள்ள வந்தவங்கள, கீழ் போர்டக் காட்டி ரோட்டுக்குத் துரத்துறாங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். எதைக் கேட்கிறதுன்னு தெரியாமதான் இந்த மனு.

மதியத் தூக்கத்த நான் பழிக்கல ஐயா. மத்தியானம் வெளிய திரியிற பிள்ளைங்கள குட்டிச்சாத்தான் தூக்கிட்டுப் போயிடும்னு பயந்து வளந்தவதான் நானும். அந்த நேரத்துல பிள்ளைங்கள வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுற ஊரு இது. கிழவங்கள வெளிய வெச்சுப் பூட்டுற வழக்கத்த மட்டும் நீங்கதான் புதுசா ஆரம்பிச்சிருக்கீங்க.

3. இப்ப விஷயத்துக்கு வர்றேன். கராய் அனஸ்தாசியோன்னு ஒரு பெரியவர். எங்க பேட்டைல எல்லாரும் மரியாதையா கராய்னுதான் கூப்பிடுவோம். பெண்டாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு, தனி ஆளு. வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானம் உள்ள மாவ வெச்சா ரொட்டியா வெந்துடும். அதனால தினம் விடிஞ்சதும் வெயிலுக்கு முன்னாடி நடந்து உங்க கூடத்துக்கு வந்துடுவாரு. போன புதன்கிழமையும் வந்தாரு. பன்னிரண்டடிச்சதும் வெளிய அனுப்பிட்டாங்க. வீடு தூரம். சுத்தி எங்கயும் நிழல் கிடையாது, கூடத்துப் பின்சுவரை ஒட்டி ஒரு முழம் தவிர. அங்க போய் உக்காந்திருக்காரு.

அந்தச் சுவர்லதான் ஏசியோட வெளிப்பெட்டி இருக்கு, ஓடிக்கிட்டும் இருந்துச்சு. கூடம் பூட்டியிருக்கே, ஏசி யாருக்குன்னு கேக்காதீங்க. உங்க பொறுப்பாளர் ரொபுஸ்தியானோ உள்ள தூங்கிட்டிருந்தாரு. அவருக்குப் போன குளிர்ச்சி போக மிச்சம் இருந்த அனல் மொத்தமும் கராய் முதுகுலதான் அடிச்சது. குழாய்ல சொட்டுற தண்ணிய கைக்குட்டைல பிடிச்சு நெத்தில வெச்சுக்கிட்டிருந்திருக்காரு.

4. வீடு வீடா, குளுகுளுன்னு குடிக்கிற தெரெரே மூலிகைத் தண்ணிப் பானைக்கு ஐஸ் போட மத்தியானம் நான் அந்தப் பக்கமாத்தான் போவேன். பாத்தா, சரிஞ்சு கிடக்கிறாரு. உடம்பு கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. என்னைப் பாத்து, செத்துப் போன அவர் பெண்டாட்டி பேரச் சொல்லி, "சோறு ஆச்சா?"ன்னாரு. ஓடிப் போய் கதவத் தட்டினேன். உள்ளேருந்து குரல்: "நாலு மணிக்கு வாங்க."

"அண்ணே, கதவத் திறங்க! ஆளு விழுந்து கிடக்காரு!"

"உள்ளயா, வெளியயா?"

"வெளியதான்!"

"அப்ப அது கூடத்துப் பொறுப்புல வராதும்மா."

கதவு திறக்கல. எதுத்த வீட்டு பாப்லா அம்மா, நாங்க மரியாதையா ஞா பாப்லாம்போம், ஈரப் போர்வையோட ஓடி வந்தாங்க. என் ஐஸ் மூட்டைய கிழிச்சு கழுத்துலயும் அக்குள்லயும் வெச்சோம். "ஏய் அனஸ்தாசியோ, இங்க செத்தா உனக்கு அழ நான் வரமாட்டேன், இந்த வெயில்ல யாரு வருவா"ன்னு அவங்க திட்டிக்கிட்டே விசிறினாங்க. ஒரு பழ வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைச்சிட்டாரு. டாக்டரம்மா என்கிட்ட சொன்னது: "இன்னொரு மத்தியானம் அந்தத் தகரத்துக்குக் கீழ இருந்தாருன்னா இங்க கொண்டு வராத, நேரா கல்லறைக்குப் போயிடு."

5. வெள்ளிக்கிழமை உங்களையே நேர்ல பாத்துச் சொன்னேன். ஞாபகம் இருக்கும்னு நம்புறேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, "பாப்பா, வயசானவங்க மத்தியானம் வீட்ல தூங்கணும். அதுதானே நம்ம வழக்கம்"னீங்க. கராய் வீட்ல தூங்கினா எழுந்திரிக்க மாட்டாருன்னேன். "சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வரச் சொல்லு, ஏசி போட்டு வைக்கச் சொல்றேன்"னீங்க. மழை விட்டதும் குடை தர்ற அந்தப் பெரிய மனசுக்கு நன்றி.

6. நான் கேக்கிறது புதுக் கட்டடம் இல்ல. ரொபுஸ்தியானோ அண்ணன் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம், அவரு வீட்ல போய் தூங்கட்டும். கூடத்துச் சாவிய மட்டும் பன்னிரண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஞா பாப்லா கைல குடுங்க. எதுத்த வீடுதான். அவங்களுக்கு மத்தியானத்துல தூக்கம் வராது, ஊர்ல யாரு வீட்ல என்ன நடக்குதுன்னு பாக்கிற வேலை இருக்கு. சம்பளம் வேண்டாமாம். ரெண்டு ஏசி ஏற்கெனவே ஒரு ஆளுக்காக ஓடுது, இன்னும் பத்துப் பேரு உக்காந்தா கரண்டு பில்லு ஏறிடாது.

7. கராய் வியாழக்கிழமை காலைல ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றாரு. அன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாவி வரலைன்னா, அவர நாற்காலியோட தூக்கிக்கிட்டு உங்க அறைக்கு வர்றோம். இந்த மனுவக் குடுக்க இன்னிக்கு மத்தியானமே வந்து பாத்தேன். ஆபீஸ் பூட்டியிருந்துச்சு, உங்க ஜன்னல்ல ஏசி மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. கராய் சத்தம் போட மாட்டாரு ஐயா. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க.

இடம்: புவெர்த்தோ தக்குவாரா
நாள்: ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை (நீங்க எழுந்தப்புறம்)

சாவிக்காகக் காத்திருக்கும்,
ஹஸ்மின் ஒசூனா

இணைப்பு: திறப்பு விழாவில் தாங்கள் வழங்கிய அட்டை விசிறி ஒன்று, தங்கள் படத்துடன். விழுந்து கிடந்தப்ப கராய் முகத்துல இதுதான் இருந்துச்சு. அன்னிக்கு அவருக்கு நகராட்சி குடுத்த நிழல் இவ்வளவுதான். திருப்பித் தர்றோம்.