ஆயில் ஃபில்டர் மூடி குறித்து ஒரு திருத்தம்

ஜங்புரா, புது தில்லி
26.11.2025, புதன்கிழமை, காலை மணி 10.15

அன்பு மகள் அம்பிகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நிகிலும் அந்த எட்மண்டன் பனியில் சளி, காய்ச்சல் ஏதுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. வலது முழங்கால் மட்டும் விதிவிலக்கு, அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். வாட்ஸப் இருக்க, அதுவும் தமிழில், எதற்கு இவ்வளவு நீளம் என்று நீ கேட்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்துவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, 23ஆம் தேதி, காலை 8.10க்கு நீ அழைத்து, வண்டிக்கு ஆயில் மாத்திட்டியாப்பா என்று கேட்டபோது, எல்லாம் நன்றாக முடிந்தது என்றேன். அது உண்மையல்ல. முப்பத்து நான்கு ஆண்டுகள் கண்டோன்மென்ட் ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டியின் குறிப்பேட்டிலும் நான் பொய் எழுதியதில்லை. மகளிடம் பொய் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நினைத்து மூன்று நாட்களாக எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

நடந்தது இதுதான். 22ஆம் தேதி சனிக்கிழமை காலை 9.30க்குக் கீழே இறங்கி, காரின் பழைய ஆயிலை வடித்து, காகித ஃபில்டரை மாற்றி, ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, அந்தக் கருப்புப் பிளாஸ்டிக் மூடியை அதன் மேல் திருகினேன். இருபத்தைந்து என்ற அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது என்று மூடியின் தலையிலேயே பொறித்திருக்கிறது. அளவு காட்டும் ஸ்பேனர் பெட்டியில் கிடக்கிறது. ஆனால் வண்டி வாங்கிய 17.8.2017 முதல் நான் அதை எடுத்ததே இல்லை. உன் அம்மா இடப்பக்கம் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் இறுக்குவேன், போதும் விடுங்க என்பாள், விடுவேன். ஒரு முறைகூடப் பிசகியதில்லை. உனக்கு எப்படி அளவு தெரிகிறது என்று ஒரு நாள் அவளிடம் கேட்டதற்கு, மூடிய யாரு பாத்தா, உங்க கழுத்து நரம்பு புடைச்சா போதும்னுடுவேன் என்றாள். அவள் போன பிறகு, 21.12.2024 அன்று, விடுமுறையில் வந்திருந்த நீ அந்த இடத்தில் நின்றாய். ஒரு கண் செல்போனில்தான் இருந்தது, ஆனாலும் சரியான நேரத்தில் போதும்ப்பா என்றாய். இந்த முறை டார்ச்சைப் பேட்டரி மேல் சாய்த்து வைத்திருந்தேன். மூடி உட்கார்ந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு கால் சுற்று, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே போனேன். கொட்டைப்பாக்கு உடைவது போல் ஒரு சத்தம் கேட்டது. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இல்லை என்று முடிவு செய்து, புது ஆயிலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினேன். அரை நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன், எஞ்சினுக்குச் சேதமில்லை. இறங்கிப் பார்க்கப் போனவன் அந்த ஆயிலிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். ஆனால் எழ முடியவில்லை. 11.05 முதல் 11.30 வரை அங்கேயே இருந்தேன். மாடி வீட்டு சேஷன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சார், கார்த்திகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, அதுக்குள்ள எண்ணெய் ஊத்தியாச்சா என்றார். (பதினொரு நாள்.) நான் எழ முடியாமல் இருப்பதைக் கண்டதும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து தூக்கிவிட்டார். முழங்கால் வீக்கம் நேற்றே வடிந்துவிட்டது.

2.1.2025 அன்று விமான நிலைய வாசலில் நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய்: வண்டியால் ஒரு தடவை ஏதாவது ஆனாலும் சாவியைச் சேஷனிடம் கொடுத்துவிட்டு மெட்ரோவில் போக வேண்டும். நேற்று காலை கொடுத்துவிட்டேன். இத எங்க சார் வெச்சுக்கறது, பூஜை ரூம்லயா என்று கேட்டார். வாக்கு வாக்குதான். ஆனால் மெட்ரோ நரேலா வரை போவதில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். உன்னைத் தூக்கி வளர்த்த செங்கம்மாள், மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு ஊர்க் கோடியில் அங்கேதான் இருக்கிறாள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் புளிக்குழம்பு வைப்பாள். மாதத்தில் இன்னொருவரோடு உட்கார்ந்து நான் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். அடுத்த முறை, 13ஆம் தேதி, வர இயலாது என்று போன் செய்தேன். வண்டி கெடந்துட்டுப் போவுது, நீ முழுசா இருக்கியா சாமி என்று சத்தம் போட்டாள்.

திங்கட்கிழமை மெட்ரோவில் காஷ்மீரி கேட் போய்ப் புது மூடி வாங்கினேன். உடைந்ததைக் கையில் வாங்கிப் பார்த்த கடைக்காரர், அங்கிள்ஜீ, ஹாத் ஸே கஸோ, குஸ்ஸே ஸே நஹீ என்று சிரித்தார். கையால் இறுக்குங்கள், கோபத்தால் வேண்டாம் என்கிறார். கோபம் ஒன்றும் இல்லை என்று அவரிடம் வாதாடவில்லை. உன்னிடம் சொல்கிறேன். பக்கத்திலிருந்து அந்தச் சொல் வரும் என்று காது கொடுத்துக்கொண்டே இறுக்கினேன், அம்பிகா. வராது என்று நினைவுக்கு வந்தபோது மூடி உடைந்திருந்தது.

புது மூடியை இன்னும் மாட்டவில்லை. ஃபில்டர் வாயைச் சுத்தமான துணியால் கட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர அதிகமாகப் போனால் இரண்டு வாரம் ஆகும். ஆகவே 14.12.2025 ஞாயிறு காலை சரியாக 8 மணிக்கு வீடியோவில் வா. உனக்கு அது சனிக்கிழமை மாலை 7.30. போனை நான் பானெட்டில் சாய்த்து வைப்பேன். எஞ்சினைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், அளவு ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மூடியை மாட்டிய பிறகு சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று நீயே சொல். எதுவானாலும் எதிர்த்துப் பேச மாட்டேன்.

பனி டயர் மாட்டியாகிவிட்டதா என்று நிகிலிடம் கேள். அவற்றின் நட்டுகளையும் அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம் என்று சொல். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. இருவரும் நூறாண்டு குறைவின்றி வாழ அம்மாவின் படத்தின் முன் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறன்று மறந்துவிடாதே. மூடியைப் பார்க்காதே, என் கழுத்தைப் பார்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
கா. ஏகாம்பரம்