கடைசியில் எழுதிய நர்சிங்

அன்புள்ள பொன்னுமணிக்கு,

இதில் எழுதுபவை: 1. என் உடல்நிலை. 2. ஜோதியின் கல்லூரி. 3. கொடுத்தனுப்ப வேண்டியவை.

ஒன்று: நலமாக இருக்கிறேன். மழைதான் விடவில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா?

இரண்டு: நம் மகள் பத்தாவதிலிருந்தே நர்சிங் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கல்லூரி விண்ணப்பத்தில் நான்கு படிப்புகளை விருப்ப வரிசையில் நிரப்பும் வேலையை என்னிடம் விட்டாள். எஸ்டேட் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். ஏலத்துக்கு அனுப்பும் ஏலக்காய்ச் சரக்குப் பட்டியலில் மட்டமான காயை முதலிலும் முதல்தரக் காயைக் கடைசியிலும் எழுதுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். முப்பது வருடமாக எழுதிய கை, இதையும் அப்படியே எழுதிவிட்டது: வணிகவியல், கணினி, கணிதம், கடைசியாக நர்சிங். வணிகவியலில் இடம் கிடைத்திருக்கிறது.

ஜீப்பு ஓட்டும் சாதிக் பார்த்துவிட்டு, "என்ன சார், பெத்த புள்ளையவும் ஏலக்கா லோடு மாதிரி எழுதிட்டீக!" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். கவலைப்படாதே, இன்னும் மாற்றிக்கொள்ளலாம். போனில் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீயே சொல்லிவிடு.

மூன்று: இதைக் கொண்டுவரும் சாதிக் நாளை எஸ்டேட்டுக்குத் திரும்ப மலையேறுகிறான். மப்ளரும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. கடிதம் எழுத ஜோதியின் பழைய நோட்டு ஒன்றும் வேண்டும். பாதிப் பக்கம் அவள் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை.

சாதிக் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

சுருளி

இரண்டாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியது தவறு. அதற்குக் கடைசி நாள் நேற்று. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன்.