கழுவிய முட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே திருமழிசையில் கோழிகள் நன்றாக இருக்கின்றன.

போன மாதம் உன் மாமியார் நான் கொண்டுவந்த முட்டையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "இன்னா சம்பந்தி, எச்சம் ஒட்டிகினு கீது?" என்றார். அதனால் அடுத்த முறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று கூடையில் அடுக்கினேன். ஒரு வாரம் என் வீட்டில் அப்படியே வெளியில் கிடந்த பிறகுதான் உங்களிடம் கொண்டுவந்தேன். கழுவினால் ஓட்டின் மேல்பூச்சு போய்ச் சீக்கிரம் கெட்டுவிடும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

போன ஞாயிறு உங்கள் அடுப்படியே நாறியபோது, "நான்தான் அத்தே வெயில்ல வச்சிட்டேன்" என்று சொல்லித் திட்டு வாங்கினாய். மாசமாக இருக்கிறவள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வரும் ஞாயிறு வருகிறேன். முட்டைகளைக் காய்ந்த துணியால் துடைத்ததோடு சரி. ஃபிரிட்ஜில் வை, உடைக்கும் முன் மட்டும் கழுவு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடு.

உன் மாமியாரிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் மட்டும் நீ பால்கனியில் போய் நில், பாப்பா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது.

உன் நைனா