இரண்டாம் ஷிப்ட்டுக்குப் பழம்

ஜூன் 9

தக்காளி வயல்களில் இன்றைய நடை முடிந்தது. செடிகள் இடுப்பளவு செழித்து நிற்கின்றன. இலையை விலக்கிப் பார்த்தால் காம்புதான் இருக்கிறது, காயைக் காணோம். இரவிலும் புழுக்கம் விடாததால் பூவெல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது. மேலுக்குப் பகட்டு, உள்ளே ஒன்றுமில்லை.

கடைசியாக அழுகுணியின் வயல். மழை பெய்தாலும் அழுவார், பெய்யாவிட்டாலும் அழுவார், நன்றாக விளைந்தால் பறிக்க ஆள் இல்லை என்று அழுவார். அதனால் வந்த பெயர். இன்று குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார். "எப்படிண்ணே இருக்கு?" என்றேன். "இருக்கு தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அழாமல் நான் பார்த்ததில்லை. 

ஜூன் 10

பாதிதான். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் போன ஆண்டு வந்த தக்காளியில் பாதிதான் வரும்.

ஜூன் 13

பழத்தை டப்பாவில் அடைக்கும் எங்கள் தொழிற்சாலையில் பருவக் கூட்டம். எவ்வளவு தக்காளி வரும், எவ்வளவு பழம் வரும் என்று நான் சொல்லும் மதிப்பீட்டை வைத்துத்தான் டப்பா வாங்குவார்கள், ஆள் எடுப்பார்கள்.

பாதி என்றதும் மேலாளர் சிரித்தார். "ரோட்டுலேர்ந்து நானும் பாத்தேனே, பச்சைப் பசேல்னு இருக்கு. அவங்க சொன்னத அப்படியே எழுதிட்டீங்களா?"

இங்கே அது வழக்கம். நல்ல விலைக்காக விவசாயி குறைத்துச் சொல்வார், நாங்கள் அதன்மேல் கால் பங்கு கூட்டிக்கொள்வோம். இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம். மேலாளரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வருடம் அவர்களை நம்பிக் குறைவாக டப்பா வாங்கப்போய், வாசலிலேயே தக்காளி அழுகிச் சாக்கடையில் ஓடியதை அவர் மறக்கவில்லை.

"யாரும் சொல்லல சார். நானே குனிஞ்சு எண்ணினது."

"சரி, கால் பங்கு கூட்டிப் போடுங்க."

"கூட்டுறதா இருந்தா என் கையெழுத்து இல்லாம போடுங்க. இல்லன்னா என்கூட ஒரு நாள் வயலுக்கு வாங்க."

 வருகிறேன் என்றார்.

ஜூன் 15

வந்தார். காரிலிருந்து இறங்க வைத்தேன். ஒரு பாத்தி முழுக்க அவர் கையாலேயே இலையை விலக்கிப் பார்க்கட்டும் என்று பின்னால் நடந்தேன். பாதி தூரத்திலேயே அவரும் குனிந்து எண்ணத் தொடங்கிவிட்டார்.

திரும்பும்போது சொன்னார், "நீங்க எழுதினது சரிதான். அப்ப இந்த வருஷம் ரெண்டாவது ஷிப்ட் இல்ல."

இது வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். தெரியாமல் இருக்க நான் என்ன சின்னக் குழந்தையா? இரண்டாம் ஷிப்ட் என்றால் நாற்பது பெண்கள். அதில் ஒருத்தி என் அண்ணி. அண்ணன் முதுகில் அடிபட்டு லாரி ஓட்டுவதை விட்டபின் அந்த வேலைதான் அவர்கள் வீட்டைத் தாங்குகிறது. மாடியில் நான், கீழே அவர்கள். படியிறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூன் 16

அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"உண்மையத்தான் எழுதின. யாரு இல்லன்னா? ஆனா உன் உண்மைக்கு என் வீட்டு அடுப்பா கெடைச்சுது?"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொய்யை எழுதியிருந்தால் வேலைக்கு எடுத்து, நடுவில் தக்காளி தீர்ந்ததும் வீட்டுக்குப் போ என்றிருப்பார்கள் என்று விளக்கப் பார்த்தேன். விளக்கம் யாருக்கு வேண்டும்? எனக்கே வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 17

அழுது தீர்த்தாயிற்று. போதும். பழம் இல்லாததால்தானே ஷிப்ட் இல்லை? அப்படியானால் பழத்தைத் தேட வேண்டியதுதான்.

பீச் பழம் கிடையாது, பூக்கும்போதே உறைபனி தின்றுவிட்டது. ஆனால் பேரிக்காய்? இந்த ஆண்டு கிளைக்கு முட்டுக் கொடுக்கும் அளவுக்குக் காய்த்திருக்கிறது. அதுவும் தக்காளி போல் அவசரக்காரி இல்லை. காயாகப் பறித்துக் குளிரறையில் வைத்து, வேண்டியபோது எடுத்துப் பழுக்க வைக்கலாம்.

ஜூன் 24

பெரிய பேரித் தோட்டத்துக்குச் சொந்தக்காரியைப் பார்க்கப் போனேன். பேசி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். எல்லாம் நகரத்து வியாபாரிக்குப் பேசியாகிவிட்டதாம்.

"உங்க வாசலுக்கு வந்த வரைக்கும் போதும்மா. நகைக்கடையில கல் பாக்குற மாதிரி ஒவ்வொரு பழமா திருப்பித் திருப்பிப் பாக்குறாரு உங்க ஆளு. ஒரு புள்ளி இருந்தா லாரியவே திருப்பி விடுறாரு."

அது எங்கள் வாசலில் பழத்தைச் சோதித்து வாங்குபவர். கண்ணாடி என்று கூப்பிடுவோம், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பழத்தைப் பார்ப்பார். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஜூலை 2

இன்னும் இரண்டு தோட்டம் போனேன். அதே வியாபாரி, அதே பதில். அண்ணி இன்னும் பேசவில்லை. கதவு திறக்கும் சத்தத்திலேயே கோபம் தெரிகிறது.

ஜூலை 8

ஆலங்கட்டி மழை. கூரைத் தகரம் கிழியும் போல் அடித்தது. இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஜூலை 9

விடிந்ததும் பேரித் தோட்டத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, மனசு கேட்கவில்லை. காய்கள் மரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் அம்மை போட்ட மாதிரி குழி. வியாபாரி வந்து பார்த்துவிட்டுக் கை விரித்துவிட்டானாம். அந்த அம்மா கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"பறிச்சு மாட்டுக்குத்தான் போடணும்."

அவரிடமே கத்தி வாங்கி ஒன்றைத் தோல் சீவினேன். பெரும்பாலான குழி தோலோடு போய்விட்டது. ஆழமாக அடிபட்ட இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு பொட்டு. அதையும் தோண்டி எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேர். இன்னொன்று சீவினேன். இன்னொன்று.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தொழிற்சாலையில் பழம் முதலில் போகும் இயந்திரம் என்ன செய்கிறது? தோலை உரிக்கிறது. உரித்து எறியப்போகிற தோலுக்கா வாசலில் இத்தனை நாளாக அழகு பார்த்தோம்? நானும்தானே இத்தனை வருடம் அந்த வாசலில் நின்றேன்!

ஜூலை 11

ஒரு பை நிறையப் பேரியை மேலாளரின் மேசையில் கொட்டி, அவர் கண்முன்னே சீவினேன். கண்ணாடியையும் கூப்பிட்டிருந்தார்.

"தழும்பு இருந்தா வாங்கக் கூடாது. எனக்கு முன்னாடி இருந்தவரும் அதத்தான் சொன்னாரு" என்றார் கண்ணாடி. ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. மேலாளர்தான் யோசித்துச் சொன்னார். அந்தக் காலத்தில் நல்ல பழத்தைப் பெட்டியில் அடுக்கி அப்படியே கடைக்கும் அனுப்புவார்களாம். அந்த வியாபாரம் என்றோ நின்றுவிட்டது, சட்டம் மட்டும் வாசலிலேயே நின்றிருக்கிறது.

"ஆனா இந்தப் பொட்டையெல்லாம் கையாலதான் தோண்டணும். பகல் ஷிப்ட் ஆளுங்களால முடியாது" என்றார்.

"அதத்தான் சார் சொல்றேன். கை வேணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "சுத்தி வளைச்சு அங்கதான் வந்து நிக்கிறீங்க."

"நான் நேராத்தான் சார் வந்தேன்."

சிரித்தார். ஆனால் அடுத்த கேள்வி சரியான கேள்வி. "காயம் ஆறுறதுக்குள்ள மழை பெஞ்சா?"

பெய்தால் அழுகும் என்றே சொன்னேன். பறிப்புக்கு முன் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஜூலை 19

மேகம். ஊரே மழை கேட்கிறது. நான் மட்டும் வேண்டாம் என்கிறேன். பாவம்தான், என்ன செய்ய?

ஜூலை 20

தூறலோடு போயிற்று.

ஜூலை 30

காயம் ஆறிப் பொருக்குத் தட்டிவிட்டது. தொட்டால் காய்ந்த பட்டை போல் சொரசொரப்பு. மரம் மரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3

மேலாளர் சரி என்றுவிட்டார். தோட்டக்கார அம்மா போட்டது ஒரே நிபந்தனை: வாசலுக்கு வந்த லாரி திரும்பக் கூடாது. அழுகல் வந்தால் தனியே பொறுக்கித் தள்ளுவோம், லாரியைத் திருப்ப மாட்டோம், வாசலில் நானே நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண்ணாடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

இரண்டாம் ஷிப்ட் பெண்களுக்குச் சொல்லி அனுப்பினோம். அண்ணிக்கும் ஆள் மூலம்தான் சொன்னேன். பத்துப் படி இறங்கினால் அவள் வீடு. எனக்கும் ரோஷம் இருக்காதா?

ஆகஸ்ட் 22

தக்காளி வந்தது, தீர்ந்தது. பாதிக்கும் கொஞ்சம் குறைவு. கடைசி லோடோடு வந்த அழுகுணி, எங்கள் வாசல் மேடு லாரியைக் குலுக்கி அவர் இடுப்பை உடைத்துவிட்டதாக அரைமணி நேரம் அழுதார். கேட்கக் கேட்க எனக்குத் தெம்பாக இருந்தது.

செப்டம்பர் 6

பழுக்க வைத்திருந்த ஓர் அறைப் பேரி முழுக்கக் கெட்டுவிட்டது. ஆழமாக அடிபட்டதையும் மற்றதோடு சேர்த்துப் பழுக்க வைத்தோம், ஒன்று கெட்டுப் பக்கத்தையும் கெடுத்தது. நான் யோசித்திருக்க வேண்டும். மேலாளர் திட்டவில்லை, அறையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

நாளையிலிருந்து லாரி இறங்கும்போதே ஆழக் காயத்தைத் தனியாகப் பிரித்து, முதலில் பழுக்க வைத்து முதலில் வெட்டுவது. பிரிக்கும் வேலைக்குக் கண்ணாடியையே கேட்டேன். அந்தக் கண் வேறு யாருக்கு உண்டு? "இப்பவாவது தேடி வந்தீங்களே" என்றார். வருகிறாராம். இந்தப் பேரியை நான் விடுவதாக இல்லை.

செப்டம்பர் 15

இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகும் நேரம். வாசலில் நின்றிருந்தேன். எல்லோரும் போன பிறகு அண்ணி மட்டும் நின்றாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"நாளைக்கும் லாரி வருதா?" என்றாள்.

"வருது அண்ணி."

"எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"குளிரறையில இருக்கறதையும் சேத்தா அக்டோபர் கடைசி வரைக்கும்."

என் முகத்தையே பார்த்தாள். "எனக்காகக் கூட்டிச் சொல்றியா?"

"இல்ல அண்ணி. பாத்ததத்தான் சொல்றேன்."

"சரி. அப்ப உங்க அண்ணன்கிட்ட அக்டோபர்னே சொல்லிடுறேன்."

தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. போய் இறக்கச் சொன்னேன்.