தெற்குத் தெருவுக்குத் திரும்பாத சப்பரம்

திண்டுக்கல்,
7.8.1997

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு,

மாதாவின் தயவில் நானும் உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை, மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து இரண்டு நாளாக அதே தீய்ந்த வாசம். நீ அந்தத் தான்சானியாவில் கொசுவலை கட்டித்தான் படுக்கிறாயா? ஊருக்கெல்லாம் ஊசி போடும் நர்ஸ் சிஸ்டர் தன் மலேரியா மாத்திரையை மறந்துவிட்டாள் என்று போன கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்கு உன் மேலும் கோபம்.

உன் அப்பா புத்தகம் அச்சாபீசுக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஊர்க் கோயில்களின் சரித்திரத்தை எழுத அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும். காய்ச்சல் என்று வருகிறவனை நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டிய நாக்கை உள்ளே இழுப்பதற்குள் உன் பாட்டன் எந்த ஊர் என்று கேட்பார். செம்பட்டிப் பக்கம் என் பிறந்த ஊரையும் அதில் எழுதியிருக்கிறார். காலரா வந்த வருடம் மாதாவின் தலைக் கிரீடத்தை, அந்தத் தங்க முடியைத் தெற்குத் தெருக்காரர்கள் திருடிவிட்டார்களாம், அதனால்தான் திருவிழாச் சப்பரம் எல்லாத் தெருவும் சுற்றினாலும் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். கட்டின பெண்டாட்டி பிறந்த தெருவை இப்படி எழுதலாமா என்று சண்டை போட்டேன். சொல்லப்படுகிறது என்றுதானே எழுதியிருக்கிறேன், சரித்திரத்தில் சொந்தம் பார்க்க முடியாது என்றார். என் கல்யாணத்தன்றே உன் அப்பாயி முடி எடுத்த தெருவா என்று பந்தியில் கேட்டாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் செம்பட்டிப் பக்கம் என்பேனே தவிர தெருவைச் சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ப் பெரிய தெரு சிலுவைமுத்து அய்யா மூச்சுத் திணறலோடு நம் ஆஸ்பத்திரிக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றிப் படுத்திருந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாத்திரைகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா வழக்கம்போல முடிக் கதையை எடுத்தார். அந்தக் கிழவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, முடிய எடுத்தது எங்கய்யாதான் டாக்டரு, எங்க ஆத்தா பேதியில கெடந்துச்சு, மதுரைக்குக் கொண்டுபோக வித்துட்டாரு, பழி அந்தத் தெரு மேல விழுந்துச்சு, நாங்க வாயத் தெறக்கல, இது உங்களோட இருக்கட்டும் என்றார். நான் மாத்திரைகளைத் தப்பான கவரில் போட்டுவிட்டேன். நான் கேட்டது உன் அப்பாவுக்குத் தெரியாது.

மறுநாள் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடப் போகிறேன் என்றார். ஏன் என்றேன். ஆதாரம் பத்தலை என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நோயாளி சொன்னதை வெளியே விட மாட்டார், அது நியாயம்தான், நீயும் அப்படித்தான் இருப்பாய். ஆனால் பக்கத்தை எடுத்தால் பழி போய்விடுமா அறிவு? நான் டாக்டர் இல்லையே, நான் சொன்னால் என்ன என்று தோன்றும். சொன்னால் டாக்டரை நம்பிப் பேசியது தெருவுக்கு வந்துவிட்டது என்பார்கள், பிறகு எவன் இவரிடம் நெஞ்சைக் காட்டுவான் என்றும் தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் தூங்கவில்லை.

சிலுவைமுத்து அய்யாவையே ஊரறிய உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். அவர் நார்க்கட்டிலில் கிடந்தார். டாக்டர் வீட்டம்மா என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார். நீ யாரு வீட்டுப் பிள்ள தாயி என்று கேட்டார். தெற்குத் தெரு மரியசெல்வம் மக என்றேன். என் வாயால் அதைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கேட்க நினைத்தது எதுவும் எனக்கு வரவில்லை. கஞ்சி ஆறிரும் குடிங்க அய்யா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நோயாளியை வதைத்துவிட்டேனோ என்று வழியெல்லாம் அழுகை.

நேற்று அவர் மகன் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். எங்கய்யாவுக்குப் புத்தி பெரண்டுபோச்சு டாக்டரு, இந்த வருசம் சப்பரம் தெக்குத் தெருவுக்குள்ள போகணுமாம், இல்லேன்னா செத்தா என் சவப்பெட்டியத் தூக்காதீகங்கிறாரு, காரணம் கேட்டா சப்பரம் போகட்டும் சொல்றேங்கிறாரு என்றான். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, புத்தி தெளிவாத்தான் இருக்கு, அவர் சொல்றபடி செய்யுங்க என்றார். அவன் போன பிறகு தடுப்பைத் தாண்டி வந்து, ஞாயித்துக்கிழமை வச்ச கஞ்சிய அங்கதான் கொண்டுபோனியா என்றார். ஆமா என்றேன். உடனே அச்சாபீசுக்குப் போன் போட்டு, திருவிழா முடிகிறவரை அந்தப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம் என்றார்.

பதினான்காம் தேதி இரவு சப்பரம். பெரிய தெருக்காரர்கள் தலைக்குத் தலை பேசுகிறார்களாம், வருமோ வராதோ தெரியவில்லை. தெற்குத் தெருவில் இருக்கும் உன் சின்னம்மா செபாஸ்தியம்மாளிடம் வாசலைத் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டு வை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நம்ம வாசலுக்கு எதுக்குக்கா என்று திருப்பிக் கேட்டு அனுப்பினாள். சும்மா போடு என்று மறுபடி சொல்லி அனுப்பினேன்.

அன்று நீயும் ஒரு ஜெபமாலை சொல். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப்போடு, மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா,
தெற்குத் தெரு மரியசெல்வம் மகள்
லூர்தம்மாள்